நிறுத்தத்திலிருந்து ஒரு படி

பெருமாட்டி,
6-5-1974, திங்கட்கிழமை.

சுடலைக்குச் சென்னியப்பன் எழுதுவது.

நீர் பாலக்காட்டுச் சித்தூர் ஒர்க்ஷாப்பை விட்டு வண்டிப்பெரியார் டீ பேக்டரிக்கு ஃபிட்டராகப் போய், வருகிற ஜூன் 9-ம் தேதியோடு ஐந்து வருடம் நிறைகிறது. இடையில் நான் கடிதம் எழுதவில்லை. எழுதும்படியான வேலை வரவில்லை என்பதே காரணம். மனத்தாங்கல் எதுவும் இல்லை.

வண்டி நின்றுவிட்டது. ஏப்ரல் 28, ஞாயிறு மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, மீனாட்சிபுரம் ரோட்டில். என்ஜின் ஓடுகிறது, சக்கரம் திரும்பவில்லை. கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் தீய்ந்த நாற்றம் வந்தது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். பொள்ளாச்சி, பாலக்காடு, கோயமுத்தூர் என்று மூன்று மெக்கானிக்குகள் இதுவரை வந்து பார்த்தார்கள். உள்ளே தட்டுகள் கருகிவிட்டன, இருபது வருடத்து அமெரிக்க வண்டிக்கு இனி உதிரி பாகம் கிடைக்காது, சாதாரணக் கியர் பெட்டியை மாட்டிக் கிளட்ச் வைத்துவிடலாம் என்று மூவரும் ஒரே பேச்சாகப் பேசுகிறார்கள்.

1966 நவம்பர் 12-ம் தேதி சர்க்கரைப் புண்ணால் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டதை நீர் அறிவீர். கிளட்ச் இல்லாத வண்டி என்பதால் வலது கால் ஒன்றைக் கொண்டே இந்த ஏழரை வருடம் நான் ஓட்டினேன். கிளட்ச் வைத்த நாளோடு நான் ஓட்டுவது முடிந்தது. என் மகன் காளிச்சாமி, "டிரைவர் போட்டுக்கலாமுங்கப்பா, நீங்க பின்னால சாஞ்சு உக்காந்துட்டு வாங்க" என்கிறான். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனால் என்னைப் பின் சீட்டில் ஏற்றி இறக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன வண்டிகள் உமது பக்கம் கிடப்பதாகக் கேள்வி. தானாக மாறும் கியர் உள்ள வண்டி ஏதேனும் இருக்கிறதா, அதன் பெட்டியை என் வண்டிக்குப் பொருத்த இயலுமா என்று பார்த்து எழுதவும்.

பெ. சென்னியப்பன்

*

வண்டிப்பெரியார்,
வைகாசி பிறந்தாச்சு.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு சுடலை வணக்கமாக எழுதிக்கொள்வது.

ஐயா காகிதம் கிடைத்தது. மேல் டிவிஷன் பங்களாவில் ஒரு வண்டி கிடக்கிறது. ஐயா வண்டியைவிடப் பத்து வருசம் பிந்தின வண்டி, வேறு கம்பெனி. சக்கரம் இல்லை, சீட்டில் கோழி முட்டையிடுகிறது. ஆனால் கியர் பெட்டி சீல் உடையாமல் இருக்கிறது. காவல்காரர் சுவக்கீனிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போடே. துரை திரும்பி வந்தா நான் பதில் சொல்லிக்கிடுதேன். அவரு லண்டன்ல செத்தே மூணு வருசம் ஆச்சு" என்றார். எஸ்டேட் ஆபீசில் முறையாக எழுதி வாங்கிவிடலாம்.

பொருந்துமா என்றால் நேராகப் பொருந்தாது. உங்கள் என்ஜின் முகத்தில் துளை ஒரு வட்டத்தில், இந்தப் பெட்டியில் வேறு வட்டத்தில். நடுவில் ஒரு இரும்புத் தட்டு கடைந்து போட வேண்டும். அது மயிரிழை பிசகினாலும் பெட்டி ஆட்டம் கண்டு உடையும். பெட்டி நீளம் கூடுதல். பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை வெட்டிக் குறைக்கணும், தாங்குகிற குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளணும். எங்கள் பேக்டரி ஆபீசர் சகாயம் ஞாயிற்றுக்கிழமை லேத்தில் வேலை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் பக்கம் இருக்கிற கியர் கைப்பிடி. அதன் மேல் படி நிறுத்தம், வண்டியைப் பூட்டி வைப்பது. உங்கள் பழைய பெட்டியில் நிறுத்தத்திலிருந்து ஒரு படி இறக்கினால் நியூட்ரல், வண்டி அசையாது. ரிவர்ஸ் கடைசிப் படியில். இந்தப் பெட்டியில் நிறுத்தத்துக்கு அடுத்த படியே ரிவர்ஸ். நியூட்ரல் அதற்கும் கீழே. இந்த வரிசை பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது, வெளியே மாற்ற முடியாது. ஐயா கை இருபது வருசப் பழக்கம். யோசித்துச் சொல்லுங்கள்.

சுடலை

*

பெருமாட்டி,
3-6-1974, திங்கட்கிழமை.

சுடலைக்கு,

உமது கடிதத்தில் தேதி இல்லை. உறையின் மீதுள்ள முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து 20-5-74 என்று நானே அதில் எழுதிக் கோப்பில் சேர்த்துள்ளேன். இனி தேதியிட்டு எழுதவும்.

யோசித்துவிட்டேன். வேலையைத் தொடங்கலாம். கைப்பிடியின் வரிசை பற்றி நீர் அஞ்சவேண்டியதில்லை. ஒற்றைக் காலோடு நடக்க ஐம்பத்தெட்டாம் வயதில் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு படி கூடக் குறைய இறக்குவது பெரிய காரியமல்ல.

என் நிபந்தனை ஒன்றே. 1955 மார்ச் 11-ம் தேதி இந்த வண்டி என் கைக்கு வந்தபோது உள்ளே எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கவேண்டும். அடியில் எதை வேண்டுமானாலும் வெட்டும், ஒட்டும். டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் புதிதாக ஒரு துளையும் கூடாது.

காளிச்சாமி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். "அந்த இரும்பை மாட்டி யாரைக் கொல்லப் போறீங்களோ" என்று மே 30-ம் தேதி சாப்பாட்டின் நடுவில் சொல்லிவிட்டு எழுந்து போனான். வண்டி ஓடிவிட்டால் சரியாகிவிடும்.

பெ. சென்னியப்பன்

*

வண்டிப்பெரியார்,
25-8-1974.

ஐயா அவர்களுக்கு,

தேதி போட்டிருக்கிறேன்.

நடுத் தட்டு முடிந்தது. முதல் தட்டு ஒரு நூல் பிசகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது கடைந்தேன். பெட்டியைத் திறந்து கழுவி ரப்பர் எல்லாம் மாற்றியாச்சு. தேயிலை லாரி குமுளி, கம்பம் வழியாகப் பொள்ளாச்சி போகிறது. அதில் பெட்டியோடு நானும் ஏறி 5-ம் தேதி வருகிறேன். பத்து நாள் லீவு தந்திருக்கிறார்கள்.

"பத்து நாளு அங்கனயே கெடக்கப் போறீயளா, கார் கெடைக்குதோ இல்லியோ, அந்த ஊரு தேங்காயாவது கொண்டாங்க" என்று என் வீட்டுக்காரி மாரித்தாய் சொல்லச் சொன்னாள்.

சுடலை

*

பெருமாட்டி,
18-9-1974, புதன்கிழமை.

சுடலைக்கு,

நீர் 15-ம் தேதி காலை பஸ் ஏறிய பின் தோப்பைச் சுற்றி ஏழு முறை ஓட்டிவிட்டேன். பழைய பெட்டியில் வேகம் மாறும்போது ஓர் இழுப்பு இருக்கும். இதில் அது தெரியவில்லை. அடியில் எண்ணெய் சொட்டவில்லை. காகிதம் விரித்து வைத்து மூன்று நாள் காலையிலும் பார்த்தேன். நீர் இந்த வீட்டில் பத்து நாளும் மண்ணில் படுத்து வேலை செய்ததை நான் மறக்கமாட்டேன்.

ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், தெரிவிப்பது கடமை. கைப்பிடிக்கு மேல் நீர் பொருத்திய பித்தளைத் தகட்டை நேற்று, 17-ம் தேதி, கழற்றிவிட்டேன். "நிறுத்தம், பின், நடு, முன், மெது" என்று நீர் கையால் அடித்த எழுத்துகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கின்றன. "பின்" என்பதற்கு இட்ட சிவப்புச் சாயம் ஓரத்தில் வழிந்திருக்கிறது. காளிச்சாமி அதைப் பார்த்து, "லாரிக்கு எழுதின மாதிரி இருக்குதுங்கப்பா" என்று சிரித்தான். வண்டியோடு வந்த பழைய தகட்டையே அதன் இடத்தில் திருகிவிட்டேன். அதில் பழைய வரிசைதான் உள்ளது என்பதை அறிவேன். தகடு அழகுக்கு; வரிசை என் மனத்தில் இருக்கிறது. உமது தகடு பத்திரமாக என் மேசையில் உள்ளது.

வரும் வெள்ளி, 20-ம் தேதி காலை ஏழரைக்கு மேல் நல்ல நேரம். கமலாத்தாளை அழைத்துக்கொண்டு பழனிக்குப் போகிறேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் என் வண்டியில் முன் சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

பெ. சென்னியப்பன்

*

வண்டிப்பெரியார்,
22-9-1974.

ஐயா அவர்களுக்கு,

காகிதம் நேற்று சாயந்தரம் கிடைத்தது. உடனே எழுத உட்கார்ந்தேன், கரண்டு போய்விட்டது. காலையில் எழுதுகிறேன்.

ஐயா, தயவுசெய்து பழைய தகட்டைக் கழற்றிவிடுங்கள். என் எழுத்து கோணலாக இருந்தால் வேறு ஆளை வைத்து நல்லதாக எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தகடே வேண்டாம். தப்பான தகடு மட்டும் கூடாது. மனசு மறக்கும்போது கண்ணாவது சொல்ல வேண்டும். கண்ணும் பொய் சொன்னால் என்ன ஆகும்?

இன்னொன்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐயா ஒரு படி இறக்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, வாட்ச் பார்த்து மூணு நிமிசம் எண்ணெய் சூடேற விடுவீர்கள். சித்தூரில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டியில் அது வேண்டாம். நிறுத்தத்திலேயே சூடேறும். அதைச் சொல்லத்தான் பஸ் ஸ்டாண்டில் வாயெடுத்தேன். ஐயா நேரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், பஸ் வந்துவிட்டது. அது என் தப்பு.

பழனி போய் நல்லபடி வந்ததாக ஒரு வரி எழுதுங்கள்.

சுடலை

*

கோயமுத்தூர்,
9-10-1974, புதன்கிழமை.

சுடலைக்கு,

உமது 22-ம் தேதிக் கடிதம் 25-ம் தேதி பெருமாட்டிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஆள் அப்புசாமி மூலம் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் பழனி போகவில்லை. 20-ம் தேதி காலை ஏழு முப்பத்தெட்டுக்கு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கமலாத்தாள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க இறங்கியிருந்தாள். முன் சக்கரம் இரண்டுக்கும் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். நான் தகட்டைப் பார்த்தேன். ஒரு படி இறக்கினேன். காலை எடுத்தேன். வாட்சைப் பார்த்தேன்.

என்ஜின் குளிரில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டி பின்னால் போனது. அவள் சத்தம் போடவில்லை. பழம் நசுங்கியது என்றே நினைத்தேன்.

வலது கை. நடுவிலுள்ள மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. மணிக்கட்டில் இரும்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

காளிச்சாமி 23-ம் தேதி போலீசில் புகார் கொடுத்தான். வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர், கியரின் வரிசை ஒன்றாகவும் தகடு வேறொன்றாகவும் இருப்பதைக் கண்டு, பொருத்தியவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. வக்கீல், நான் இருக்கும் நிலையில் எதுவும் பேசவேண்டாம் என்கிறார்.

என் கோப்பில் ஒரு குறை இருக்கிறது. நான் உமக்கு எழுதிய 18-9-74 கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை. கோப்பு முழுமையாக இருப்பதற்காக அதைத் திருப்பி அனுப்பவும். பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது.

பெ. சென்னியப்பன்

*

வண்டிப்பெரியார்,
17-10-1974.

ஐயா அவர்களுக்கு,

அம்மா கையை நினைத்து நான் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் பத்து நாளும் அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டார்கள். மண்ணில் படுத்திருந்தவனுக்கு மோரைக் குனிந்து வண்டிக்கு அடியில் நீட்டினார்கள். வேறு என்ன எழுத என்று தெரியவில்லை.

12-ம் தேதி போலீஸ் பேக்டரிக்கே வந்தது. கொழுந்து கொண்டுவந்த பெண்கள் எல்லாரும் பார்க்க என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். சகாயம் சார் வந்து கையெழுத்துப் போட்டு வெளியே விட்டார். கேஸ் முடிகிறவரை வேலை இல்லை என்று எஸ்டேட்டில் தாள் கொடுத்துவிட்டார்கள். தண்டனை ஆனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்யணும். எனக்கு மூணு பிள்ளைகள், அது ஐயாவுக்குத் தெரியும். நவம்பர் 4-ம் தேதி உங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷனில் என் தரப்பை எழுதி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தகட்டை மாற்றாமல் ஏன் பெட்டியைப் பொருத்தினாய் என்று கேட்டார்கள். மாற்றினேன் என்றேன். "அப்ப அது எங்கே?" என்றார்கள். ஐயா, அது எங்கே?

கடிதத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள். எதுக்கு என்று படிக்காதவள் மாரித்தாய்க்கே புரிந்துவிட்டது. "அந்தக் காயிதத்தக் கொண்டு போயி போலீஸ்ட்ட நீட்டுங்க. பெரிய மனுசன் பெரிய மனுசன்னு பாத்துக்கிட்டே இருங்க, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எந்த ரோட்டுல நிக்கட்டும்?" என்கிறாள். "அந்தம்மா கை போச்சு, அது பாவந்தான். ஒங்க கையி போவணுமா?" என்றாள்.

காட்டலாம். காட்டினால் நான் வெளியே வந்துவிடுவேன், ஐயா உள்ளே போவீர்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் ஐயா கோர்ட்டில் நிற்கணும். அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. அனுப்பவும் கை வரவில்லை. அனுப்பமாட்டேன்.

4-ம் தேதி வரை பார்ப்பேன். அதற்குமேல் மாரித்தாய் சொல்கிறபடி செய்வேன்.

சுடலை

*

பெருமாட்டி,
6-11-1974, புதன்கிழமை.

அன்புள்ள சுடலை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் அக்டோபர் 21-ம் தேதி வந்தது. பதினாறு நாள் பதில் எழுதவில்லை. எழுத முயன்ற தாள்கள் ஐந்து. தேதி மட்டும் எல்லாவற்றிலும் சரியாக இருந்தது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கமலாத்தாளை 26-ம் தேதி வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொள்ளலாமே என்று மருமகள் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. நவம்பர் 1, வெள்ளி மதியம், ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கேட்டாள்:

"ஏனுங்க, அந்தப் பித்தளைத் தகட்டை எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"நீங்க அதைக் கழட்டறப்ப டார்ச் புடிச்சது நானுங்க" என்றாள். "என்னையும் ஒருத்தரும் கேக்கல. நானாச் சொல்லலாமுன்னு பாத்தேன். ஊட்டுக்காரரைக் காட்டிக் குடுத்துட்டாளாமுன்னு பேச்சு வரும். நீங்களே சொல்லீருவீங்கன்னு ஒன்றரை மாசமாப் பாத்துட்டுக் கெடக்கறேனுங்க."

பிறகு வாயைத் திறக்கவில்லை. ஊட்டுவதற்காகத் திறக்கவில்லை என்று சொல்கிறேன். அன்று மதியமும் இரவும், மறுநாளும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். அவள் சாப்பிடாமல் நானும் சாப்பிடவில்லை. மூன்றாம் தேதி ஞாயிறு காலை மேசையைத் திறந்து தகட்டை எடுத்து அவள் படுக்கையில் வைத்தேன். இடது கையால் தடவிப் பார்த்தாள். "எழுத்து ஒண்ணும் அத்தன மோசமில்லீங்களே" என்றாள்.

4-ம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போனேன். 1961-க்குப் பிறகு நான் பஸ் ஏறவில்லை. காளிச்சாமி வாசல் படலை வரை வந்து வழி மறித்தான். "இந்த வயசுல கோர்ட்டுல கூண்டுல நிக்கோணுமுங்களா? அந்த ஃபிட்டருக்கு வேற வேல வாங்கிக் குடுத்தரலாமுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றான். அவனும் என்னைக் காப்பாற்றத்தான் பேசினான். அதை அவனுக்கு எதிராக நினைக்காதீர்கள். கண்டக்டரும் ஒரு தேங்காய் வியாபாரியும் என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். இறக்கும்போதும் அப்படியே.

நீங்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். சட்டைப்பையில் என் கடிதத்தின் ஓரம் தெரிந்தது. நான் உள்ளே போகும்போது எழுந்து நின்றீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை. பார்க்காமல் போனதை அலட்சியம் என்று எண்ணவேண்டாம். நான் வெளியே வந்தபோது நீங்கள் இல்லை. உங்களிடம் எதுவும் எழுதி வாங்கவேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டதாகக் காவலர் சொன்னார். ஆகையால் உள்ளே நான் சொன்னது என்ன என்று நீங்கள் அறிய நியாயமுண்டு.

சுடலை சரியான வரிசையுள்ள தகட்டைப் பொருத்தித் தந்தார். 1974 செப்டம்பர் 17-ம் தேதி மாலை நானே அதைக் கழற்றிப் பழைய தகட்டைப் பொருத்தினேன். அது தவறான வரிசை என்பது எனக்குத் தெரியும். விபத்துக்குப் பின் அவருடைய தகட்டை மேசையில் மறைத்து வைத்தேன். இவ்வளவும் சொல்லி, தகட்டை மேசைமேல் வைத்து, கையெழுத்திட்டேன். மறைத்ததற்கும் சேர்த்து வழக்கு என்மேல் மாறும் என்றார்கள். உங்களை விடுவித்து எஸ்டேட்டுக்குத் தாள் அனுப்புவதாகச் சொன்னார்கள்; அது 15-ம் தேதிக்குள் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், மீண்டும் போகிறேன். லைசென்சையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். வண்டி ஸ்டேஷன் வளவில் நிற்கிறது. உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதை எழுத்தில் தருகிறேன்: பெட்டி நான் கேட்டதை மட்டுமே செய்தது.

18-ம் தேதிக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டது என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகக் கேவலமான வரி. அதை அனுப்பவேண்டாம். எரிக்கவும் வேண்டாம். விசாரணை எப்போது என்று தெரியவில்லை. அதற்குள் காளிச்சாமி அழுவான், வக்கீல் வருவார், எனக்கு இன்னும் வயதாகும். ஸ்டேஷனில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்ல நான் துணியமாட்டேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஒருமுறை துணிந்தவன். அப்படி நான் மாற்றினால், என் வயதைப் பார்க்காமல் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மாரித்தாயிடம் கொடுத்து வையுங்கள். உங்களுக்குக் கை வராது.

எழுதியதைக் கமலாத்தாளுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். "அனுப்பீருங்க" என்றாள். பிறகு, சோறு ஆறிப்போகும் என்றாள்.

பெ. சென்னியப்பன்